முத்துகுமரன் வைத்த போர்டு

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குக் கார் எடுத்து வருகிறவர்களில் பாதிப் பேர் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை, சார். பின்சீட்டில் எண்ணெய் பாட்டில் இருக்கும், சீயக்காய் இருக்கும், மாற்றுத் துணி இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும்போது பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருக்க மாட்டார்கள். புளியறை ஏற்றத்தில் புகை வந்து வண்டி நின்ற பிறகுதான் சாமியைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும்போது என் வண்டி வந்து நிற்கும்.

சாட்சிக் கையெழுத்துப் போட வரச் சொன்னீர்கள். ஏட்டையா எழுதி வைத்ததைப் படித்துப் பார்த்தேன். 'மேற்படி வல்லிநாயகம் தன்னால் இயன்றவரை காப்பாற்ற முயன்றும்' என்று இருக்கிறது. எழுத்து நன்றாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சில விஷயங்களை நான் சொல்ல வேண்டும். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

என்னுடையது நின்ற வண்டியை இழுத்துப் போகிற ரெக்கவரி வண்டி. பின்னால் கயிறைச் சுற்றி இழுக்கிற வின்ச்சும் இரும்புக் கயிறும் கொக்கியும் உண்டு. பண்பொழியில் ஷெட் இருக்கிறது. செங்கோட்டைக்கும் புளியறைக்கும் நடுவில் எந்த வண்டி நின்றாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். பெட்டிக்கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், பங்க்கில் காற்றடிக்கிறவர்கள் என்று ரோடு நெடுக ஆட்கள் வைத்திருந்தேன். நான் போய் இறங்கியதும் முதலில் ஒரு வார்த்தை சொல்வேன். "வளைவுல நிக்குது சார், போலீஸ் வந்தா ஃபைன் போட்டுருவாங்க, சட்டுனு எடுத்துருவோம்." குழந்தை குட்டியோடு மழையில் நிற்கிற மனிதன் அதற்கு மேல் யோசிக்க மாட்டான். வாடகை கேட்டால் சின்னதாக ஒன்று சொல்வேன். ஷெட்டுக்குப் போன பிறகு கொக்கி மாட்டியதற்குத் தனி, ஏற்றத்துக்குத் தனி, ஷெட்டில் வண்டி நிற்பதற்குத் தனி. ஷெட்டில் மெக்கானிக் இருப்பான். ரேடியேட்டர் ஹோஸ் மட்டும் போயிருந்தால் இன்ஜின் ஹெட்டும் போயிருக்கிறது என்பான். சாவி என் மேஜை டிராயரில் இருக்கும். கணக்குத் தீரும் வரைக்கும் வண்டியில் இருந்து ஒரு பொருளையும் எடுக்க விட மாட்டேன்.

இதை நீங்கள் ஏமாற்று என்று சொல்வீர்கள். நான் யாரையும் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. யார் வண்டியையும் நானாக நிறுத்தியதில்லை. நின்ற வண்டியைத்தான் இழுத்தேன். நான் போகாவிட்டால் விடிய விடிய அங்கேயே நின்றிருப்பார்கள். ஒரு பொருளுக்கு அது கிடைக்கிற இடத்தை வைத்துத்தான் விலை. அருவிக்கரையில் ஒரு மாம்பழத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

முத்துகுமரனும் நானும் செங்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் புளியறைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் டீக்கடை போட்டான். பழம்பொரியும் பருப்புவடையும் நன்றாகப் போடுவான். கேரளா லாரிக்காரர்கள் எல்லாம் அவன் கடையில்தான் நிறுத்துவார்கள். எனக்கு வந்த போன்களில் பாதி அவன் செய்ததுதான். அவனுக்கு உள்ள பங்கை நான் ஒரு நாளும் தாமதித்ததில்லை. அவன் மனைவி மாரித்தாய் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். என் மகள் மஞ்சு சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் கடை பெஞ்சில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

எங்களுக்குள் வந்த பேதம் ஒரு மாத்திரைப் பையால் வந்தது.

கடையநல்லூரில் இருந்து முகம்மது கனி என்று ஒருவர். தறி நெய்கிறவர். அவர் மனைவி அலிமாவுக்குத் திருவனந்தபுரத்தில் நெஞ்சில் ஆபரேஷன் செய்து, யாரோ சொந்தக்காரர் காரில் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். மலை இறங்கியதும் கார் நின்றுவிட்டது. முத்துகுமரன்தான் போன் செய்தான். நான் போனேன், இழுத்து வந்தேன், கணக்குச் சொன்னேன். அவர்களிடம் அவ்வளவு இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் போய்விட்டது என்றார்கள். அந்த அம்மா ஷெட்டுக்கு வெளியே டயர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் சாப்பிட வேண்டிய மாத்திரை காருக்குள் பையில் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கனி கேட்டார். நான் முடியாது என்றேன். இன்றைக்குப் பை என்பார்கள், நாளைக்கு ஒருவன் பேட்டரி என்பான். ஒரு இடத்தில் இளகினால் தொழில் நடக்காது.

விஷயம் கேள்விப்பட்டு முத்துகுமரன் கடையைப் போட்டது போட்டபடி வந்தான்.

"வல்லி, அந்த மாத்திரைப் பைய மட்டும் குடுத்துருல."

"கணக்கு முடியட்டும் முத்து."

"அந்தம்மா உதட்டப் பாருல, நீலம் பாய்ஞ்சு கெடக்கு."

"நீதான போன் பண்ணுன. இப்ப நீயே வந்து நியாயம் பேசுத."

விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றினான். வடை போட்டுப் போட்டு விரல் தடித்துப் போயிருந்தது. லேசில் வரவில்லை. எச்சில் தொட்டுக் கழற்றி என் மேஜையில் வைத்தான். நான் சாவியைக் கொடுத்தேன். அலிமா பிழைத்துக்கொண்டார்கள், சார். இப்போதும் நன்றாக இருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் முத்துகுமரன் கடை வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு நின்றது. 'உங்கள் வண்டி வழியில் நின்றுவிட்டதா?' என்று சிவப்பில் பெரிதாகத் தலைப்பு, அதற்குக் கீழே வரிசையாக யோசனைகள். நீங்கள் கூப்பிடாமல் வருகிற ரெக்கவரி வண்டியைத் தொட விடாதீர்கள். முதலில் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுங்கள், பல பாலிசியில் இழுக்கும் செலவு அதிலேயே அடங்கும். எந்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள், மொத்த வாடகை என்ன என்று பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மருந்து, நகை, பத்திரம் எல்லாவற்றையும் முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்.

என் பெயர் அதில் இல்லை. அது நியாயம்தான். ஆனால் டீ குடிக்க நிறுத்துகிறவன் கையில் கிளாசோடு அந்தப் போர்டுக்கு முன்னால்தான் நிற்பான். படிக்கத் தெரியாதவர்களுக்கு முத்துகுமரனே படித்துக் காட்டுவான். மலையாளத்தில் கீழே ஒரு போர்டு, அதற்குப் பிறகு. அந்த சீசனில் நான் இறங்கிப் போகிற இடத்தில் எல்லாம் ஒருவன் போனை நீட்டிப் போட்டோ எடுத்தான், ஒருவன் பேப்பரை நீட்டினான். ஒரு மதுரைக்காரப் பெண் என் லைசென்ஸைக் கேட்டது. என்னோடு இருந்த ரோட்டோர ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் செய்வதை நிறுத்தினார்கள்.

தொழில் குறைந்ததற்காக நான் எதுவும் செய்யவில்லை, சார். இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். தொழில் ஏறும், இறங்கும்.

மஞ்சு குற்றாலத்தில் காலேஜில் படிக்கிறாள். காலையில் பெரும்பாலும் நான்தான் கொண்டுபோய் விடுவேன். ரெக்கவரி வண்டியில் முன்சீட்டில் உயரத்தில் உட்கார்ந்து வருவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். வழியில் தோழிகளைப் பார்த்தால் கையை ஆட்டுவாள். அந்தப் போர்டை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, அது சுற்றிச் சுற்றி அவர்கள் கிளாஸ் குரூப்புக்கு வந்துவிட்டது. கீழே கீழப்பாவூர்ப் பெண் ஒன்று, எங்க மாமாவுக்கும் இப்படித்தான் நடந்தது, பண்பொழி ஷெட், என்று எழுதியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மஞ்சு கேட்டாள். "யப்பா, பண்பொழி ஷெட்டுன்னா நம்ம ஷெட்டுதான?"

"ஆமா."

"அந்தப் பிள்ளயோட மாமாவ நாலு நாள் அலைய விட்டீயளாமே. நெசமா?"

"யாவாரம்னா அப்படி இப்படி இருக்கும் மக்கா."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டி நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. முகம் தெரியாமல் குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறவே இல்லை.

நான் முத்துகுமரனிடம் போய்க் கேட்டேன். ஒரே ஒரு முறை. சண்டை போடவில்லை. "போர்ட எடுத்துரு முத்து. எம்பிள்ள மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கா." அவன் வடைச் சட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நீ அந்தப் பொழப்ப விட்டா, நான் இத எடுத்துருதேன்." பிறகு டீ போட்டுக் கொடுத்தான். நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஷெட்டில் இருந்தேன். நல்ல சாரல். மெக்கானிக்கும் லீவு. போன் அடித்தது. முத்துகுமரன் பேரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போர்டு வைத்த பிறகு அந்த நம்பரில் இருந்து போன் வந்ததில்லை.

"வல்லி, நான் முத்து பேசுதேன். மேக்கரை ரோட்டுல, தென்னந்தோப்பு தாண்டி, வாய்க்கால் பாலம் இருக்குல்லா. எரும குறுக்க வந்துட்டு. எங்காரு வாய்க்காலுக்குள்ள சாஞ்சு கெடக்கு. எங்காலு மாட்டிக்கிட்டு எடுக்க முடியல. ரத்தம் போவுதுல. சீக்கிரம் வா."

"வாரேன்" என்றேன்.

"108-க்கும் சொல்லணும்."

"அத நான் சொல்லிக்கிடுதேன். நீ போன வையி. சார்ஜ மிச்சம் பிடி."

அவன் ஏன் எனக்குப் போன் செய்தான் என்று நீங்கள் நினைக்கலாம். மாரித்தாய்க்குச் செய்திருக்கலாம், உங்களுக்குச் செய்திருக்கலாம். என் ஷெட் பக்கம், வின்ச் இருக்கிற வண்டி என்னிடம்தான் இருக்கிறது, அது அவனுக்குத் தெரியும். அதோடு, நான் வருவேன் என்று நினைத்திருக்கிறான். அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அவன் குரலில் அது தெரிந்தது.

நான் போனேன். வேகமாகவே போனேன். போகிற வழியில் எனக்குள் எந்தத் திட்டமும் இல்லை. வண்டி எப்படிக் கிடக்கும், கயிறை எங்கே கட்டலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

கார் டிரைவர் பக்கமாகச் சாய்ந்து, வாய்க்கால் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கதவு உள்ளே அமுங்கி அவன் வலது தொடையை நசுக்கியிருந்தது. நான் மேலே இருந்த பக்கத்துச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவன் இடுப்பு வரைக்கும் தண்ணீர். தண்ணீர் வெற்றிலை துப்பிய நிறத்தில் இருந்தது. போன் கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"வந்துட்டியா. கயித்தப் போடுல."

கொக்கி என் கையில்தான் இருந்தது. வண்டியை ஒரு முழம் தூக்கினால் போதும், கதவு விலகும், ஒரு துண்டை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டலாம். எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் அவனைப் பார்த்ததும் எனக்கு அந்தப் போர்டு ஞாபகம் வந்தது. கோபமாக வரவில்லை. ஒவ்வொரு வரியாக, வரிசையாக வந்தது.

"மொதல்ல வாடகை பேசணும்லா முத்து" என்றேன்.

அவன் சிரித்தான், சார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தான். "வலிக்கில. கேலிய பெறவு வச்சுக்கோ."

"கேலி இல்ல. பேப்பர்ல எழுதாம வண்டியத் தொட விடாதியன்னு நீதான போட்டிருக்க."

நான் எழுதி நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். சாரலில் மை கலைந்துவிட்டது. இன்னொரு பேப்பர் எடுக்க என் வண்டிக்குத் திரும்பிப் போனேன். அவசரப்படவில்லை. பாறையெல்லாம் வழுக்கலாக இருந்தது. பிறகு போட்டோ. முன்பக்கம், பின்பக்கம், மேல்பக்கம் எடுத்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்த பக்கத்தை எடுக்க முடியவில்லை. "நாலாவது பக்கத்துக்கு என்ன செய்ய?" என்று அவனிடமே கேட்டேன். "மருந்து, நகை ஏதும் உள்ள இருக்கா?" என்று கேட்டேன். அப்போது பைக்கில் இரண்டு பேர் வந்து நிறுத்தினார்கள். "108-க்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கு, கூட்டம் போடாதீங்க" என்றேன். நான் ரெக்கவரிக்காரன் என்று பார்த்தாலே தெரிகிறது. நம்பிப் போய்விட்டார்கள். முத்துகுமரன் உள்ளே இருந்து ஏதோ சத்தம் கொடுத்தான். வாய்க்கால் தண்ணீர் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

இன்சூரன்ஸ் நம்பர் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. என் போனில் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, சன்னலுக்குள் நீட்டினேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு பாட்டு ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"108 வருதால?" என்று கேட்டான்.

"வரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "வல்லி, போர்ட எடுத்துருதேன்டே. நாளைக்கே எடுத்துருதேன்" என்றான்.

அந்த இடத்தில் நான் கொக்கியை மாட்டியிருக்கலாம். இதை நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டதை அவன் கொடுத்துவிட்டான். ஆனால் வலியில் சொல்கிற வார்த்தைக்கு மதிப்புக் கிடையாது, சார். ஷெட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் பிறகு தருகிறேன், ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியே போனதும் பேச்சு மாறும். இவனும் கால் ஆறினதும் அதே போர்டைத் திரும்ப நட்டு வைப்பான். அதில் என் பெயரையும் போடுவான்.

அதற்குப் பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது. மாரித்தாய் பேரைச் சொன்னான். குளிருது என்றான். பல் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் மூன்று தடவை முத்து, முத்து என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பின்பக்க அச்சில் கொக்கியை மாட்டி வண்டியைத் தூக்கினேன். வின்ச் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. வெற்றிலை ஒரு வாய் போட்டு முடிப்பதற்குள் வண்டி கரையில் நின்றது. தோப்புக் காவல்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்து, அவர்தான் 108-க்குப் போன் செய்தார். அவர் வரும்போது முத்துகுமரன் தலை என் மடியில் இருந்தது. என் சட்டை எல்லாம் ரத்தம். அதைத்தான் அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதைத்தான் ஏட்டையா எழுதியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாரித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "கடேசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீயளே அண்ணே" என்றது. நான், அழாதே தாயி என்றேன். வேறு என்ன சொல்வது.

பதினாறு முடிந்த மறுநாள் காலையில் மஞ்சு தானாக வந்து என் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். இலஞ்சி தாண்டினோம். பிறகு, "உங்கள நான் என்னெல்லாமோ நெனச்சுட்டேன்ப்பா" என்றாள். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குக் காலேஜ் வாசலில் இறங்கி, நான் வண்டியைத் திருப்பும் வரைக்கும் நின்று கையை ஆட்டினாள். இந்த வருஷத்தில் எனக்கு நடந்த நல்ல காரியம் என்றால் அது ஒன்றுதான்.

போர்டை மாரித்தாய் கழற்றிவிட்டது. வீட்டில் மழை ஒழுகுகிற இடத்தில் கூரைக்கு மேல் போட்டிருக்கிறார்கள்.

நான் அவனைத் தொடவில்லை, சார். தள்ளிவிடவில்லை. எருமையை நான் ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஊருக்கு அவன் என்ன சொன்னானோ, அதை ஒரு வரி விடாமல் அவனுக்குச் செய்தேன். நிதானமாகச் செய்தேன். அவ்வளவுதான். வெளியே யாரைக் கேட்டாலும், நான் பதற்றத்தில் இருந்தேன், கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்றுதான் சொல்வார்கள். அப்படியே விட்டிருந்தால் நானும் பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் இப்போது என் போனின் கால் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போயிருக்கிறது, 108-க்கு ஏன் போகவில்லை, பதற்றத்தில் மறந்துவிட்டாயா என்று தன்மையாகக் கேட்கிறீர்கள். அதனால் நானும் உண்மையைச் சொல்கிறேன். மறக்கவில்லை, சார். சொன்னால் வந்துவிடுவார்கள்.